தடம் பார்த்தவர்

அவர் யாருடைய முகத்தையும் முதலில் பார்த்தது கிடையாது. எதிரே ஆள் வந்து நின்றால் கண் நேராகக் காலுக்குப் போகும். காலைப் பார்த்து, கால் நின்ற மண்ணைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி "வாங்க சாமி" என்பார். புதிதாக மாற்றலாகி வந்த ஆபீசர்கள் சிலர் இதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள். போதும் போதும், நிமிர்ந்து நில்லப்பா என்று பெருந்தன்மையாகக் கையசைத்தவர்களும் உண்டு. அவர் யாருக்கும் பணிந்து குனிந்தவரில்லை. வந்தவரின் செருப்பு எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

சேலத்துக்கு மேற்கே, சூரமங்கலத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து இறங்கி ஒரு மைல் நடந்தால் வெள்ளைக்கல் வெட்டும் கம்பெனி ஒன்றின் ஆபீசர்கள் கிளப் வரும். அதைச் சேர்ந்தது ஒன்பது குழி கோல்ப் மைதானம். சினிமாவில் வருகிற பச்சைப் புல்தரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வறண்ட பூமியில் அத்தனை புல்லுக்குத் தண்ணீர் யார் ஊற்றுவது? ஆட்டம் தொடங்குகிற மேட்டில் மட்டும் கொஞ்சம் புல் வளர்த்தார்கள். குழியைச் சுற்றி வட்டமாக மணல் பரப்பி, லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட ஆயிலை அதில் கலந்து, மேலே பலகை இழுத்து மட்டமாக்கி வைப்பார்கள். அதற்குப் பெயர் பிரவுன். மற்றதெல்லாம் வேலாமரமும் வெள்ளைக்கல்லும்தான். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அதைப் பந்துக்காடு என்றார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் அங்கே தற்காலிகக் கிளார்க்காகச் சேர்ந்தேன். எல்லாருக்கும் நான் ரைட்டர். அவர் வாச்சர். பேர் ஒன்று அவருக்கும் இருந்தது, மாதாமாதம் சம்பளப் பட்டியலில் நானே எழுதிய பேர். அதை இங்கே எழுதப் போவதில்லை. என் கையால் ஒருவர் பேரை ஒரு காகிதத்தில் எழுதி என்ன நடந்தது என்பதைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

பந்துக்காட்டில் திருட என்ன இருக்கிறது என்று மல்லசமுத்திரத்தில் கடலைக்காடு வைத்திருந்த என் அப்பா கேட்டார். நிறைய இருந்தது. கிணற்று மோட்டாருக்குள் தாமிரக் கம்பி. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற பித்தளைத் தலைகள். புல்வெட்டும் மிஷின். குழிக்குள் இறக்கிய பித்தளைக் கிண்ணம், அதில் நட்ட கொடியின் இரும்புக் கம்பி. ஆபீசர்களின் தோல்பைகள், அதில் இடுப்புயர மட்டைகள். கிளப் ஹாலில் கண்ணாடி பீரோ நிறைய வெள்ளிக் கோப்பைகள். மழை பொய்த்து, கிணறு வற்றி, மனிதர்கள் வேலைக்கு அலைந்த வருஷங்கள் அவை. பழைய இரும்புக் கடையில் பித்தளையை நிறுத்துப் போடுகிறவன் எங்கிருந்து கொண்டுவந்தான் என்று எவனும் கேட்டதில்லை.

இத்தனையையும் காக்க அவர் ஒருவர். காவலுக்கு என்று அவர் வைத்திருந்த முறைகளை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொழுது சாயும்போது ஒன்பது கொடிகளையும் பிடுங்கித் தோளில் சாத்திக்கொண்டு, கிண்ணங்களைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார். புல்வெட்டும் மிஷினின் சக்கரத்தில் சங்கிலி கோத்துத் தூணோடு பூட்டுவார். அதோடு விடாமல் இஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றி வேட்டி மடியில் செருகிக்கொள்வார். அது இல்லாமல் மிஷின் கிளம்பாதாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அந்தப் பிளக் மடியில்தான் இருக்கும். மட்டைகளின் பிடியில் சாணி உருண்டை அளவுக்குச் சிவப்புப் பெயிண்ட் வைக்கவேண்டும் என்று அவர் சொன்னதை மட்டும் ஆபீசர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

கேட்டுக்கும் கிளப்புக்கும் சாமான் கொட்டகைக்கும் பெரிய திண்டுக்கல் பூட்டுகள் தொங்கின. அவருக்குப் பூட்டில் நம்பிக்கையே இல்லை. அவர் நம்பியது மண்ணை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் ஈர்க்குமாறை எடுத்துக்கொண்டு இரண்டு கட்டடங்களையும் சுற்றி நாலு முழ அகலத்துக்குப் பெருக்குவார். குப்பை கூட்டுகிற பெருக்கல் இல்லை அது. பின்னோக்கி நடந்து, தன் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு, வாசல் கல்லில் ஏறி முடிப்பார். விடிந்ததும் முதல் வேலை அந்தப் பட்டையைச் சுற்றிக் குனிந்து வருவது. ஓணான் ஓடியிருந்தாலும் சொல்வார்.

"பூட்டு யாரு சாவி போட்டாலும் தொறக்குமுங்க சாமி. மண்ணு அப்படியில்லீங்க, மிதிச்சவன அது மறக்காது" என்று என்னிடம் ஒருதரம் சொன்னார்.

இளவயதில் மேச்சேரிப் பக்கம் மாமனார் பட்டியில் ஆடு மேய்த்தவர். திருட்டுப்போன ஆறு ஆடுகளைக் குளம்படி பார்த்தே இரண்டு ஊர் தாண்டிப் போய் மீட்டு வந்ததாகச் சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது இதுதான். சேர்ந்த மூன்றாம் மாதம் நான் வந்து நிற்க, என் காலையே பார்த்துவிட்டு, வலது முழங்காலை வைத்தியரிடம் காட்டுங்கள் என்றார். வலி ஒன்றும் இல்லையே என்றேன். ஒரு மாதமாக வலது குதிகாலை மெதுவாக ஊன்றுகிறீர்கள், இடது பக்கம் ஆழமாகப் பதிகிறது என்றார். அடுத்த வாரம் முழங்கால் வீங்கிப் படுத்தேன்.

பித்தளைக் குழாய் ஒன்று காணாமல் போனபோது, காலையில் மண்ணைப் பார்த்துவிட்டு யாரிடமும் எதுவும் சொல்லாமல் சமையல்காரரின் மச்சான் வீட்டுக்கு நடந்தே போனார். மத்தியானம் குழாய் இருந்த இடத்தில் இருந்தது. யார் என்று கிளப் செக்ரட்டரி கேட்டதற்கு, கிடைத்துவிட்டதே என்றார். சுண்டுவிரல் பக்கத்து விரல் மேல் ஏறியிருக்கிற கால் இந்த வட்டாரத்தில் ஒன்றுதான் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

இன்னொன்று. வருடாந்தரப் போட்டியில் ஒரு பெரிய ஆபீசருக்குக் கோப்பை கிடைத்தது. மறுநாள் காலை வாச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஏழாவது குழிக்குப் பக்கத்து வேலாமரத்தடியில் நிறுத்தினார். ஆணி வைத்த ஷூவின் புள்ளிகள் மரத்தடிக்குப் போயிருந்தன. பந்து கிடந்த பள்ளம் ஒன்று. ஷூ நுனியால் அதைத் தள்ளிக்கொண்டு வந்த கோடு மணல் வரைக்கும். ஆபீசர் பந்தை மட்டையால் அடிக்கவில்லை, காலால் உதைத்து வெளியே கொண்டுவந்திருக்கிறார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டைத் தன் வெறுங்காலால் தேய்த்து அழித்தார். "இதெல்லாம் நம்ம காவல்ல சேராதுங்க" என்றார். எதைப் பார்க்கவேண்டும், எதை அழிக்கவேண்டும் என்று அவரே முடிவு செய்தார். அன்றைக்கு எனக்கு அது பெரிய மனது என்றே பட்டது.

மணலில் பலகை இழுக்கிறவர் ஒருவர் இருந்தார். செல்லமுத்து என்று வைத்துக்கொள்வோம், அதுவும் நிஜப் பேரில்லை. முப்பத்தைந்து வயது, இரண்டு பெண்குழந்தைகள். அந்த இடத்தில் வாச்சரைக் கேலி செய்யத் துணிந்தவர் அவர் ஒருவர்தான். ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு போய்விட்டு, யார் வந்தது சொல்லுங்கள் என்பார். பின்பக்கமாக நடந்து பார்ப்பார். இரண்டுக்கும் வாச்சர் முகம் மாறாமல், செல்லமுத்துவுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று பதில் சொல்வார். மத்தியானம் இருவரும் புங்கமரத்தடியில் ஒன்றாகத் தூக்குப்போசியைத் திறப்பார்கள். செல்லமுத்து வீட்டுக் கொள்ளுப் பருப்பில் பாதி வாச்சருக்கு.

ஒரு தைப்பொங்கல் கழிந்து செல்லமுத்து புதுச் செருப்போடு வந்தார். டயர் செருப்பு. லாரி டயரை அறுத்து அடி வைத்துத் தைப்பது எங்கள் பக்கத்தில் சகஜம், நாமக்கல் லாரிகள் ஓடித் தேய்ந்ததை மனிதர்கள் போட்டுத் தேய்ப்பார்கள். வாச்சர் உடனே அவர் காலைத் தூக்கச் சொல்லி அடியைப் பார்த்தார். ரோட்டில் ஓடுகிற லாரிகளின் அச்செல்லாம் அவருக்கு அத்துபடி. இது வேறு. பட்டை பட்டையாக, நடுவில் கொக்கி வளைவு. கல்லுக்குழியில் ஓடுகிற டம்பர் வண்டியின் டயர் அது. குழியில் வேலை செய்யும் மச்சான், கழித்துப்போட்ட டயரில் ஒரு துண்டு வாங்கித் தைத்துக் கொடுத்தாராம்.

அதே தை மாதத்தில் வாரச்சந்தையில் என் அப்பாவுக்காக நானும் ஒரு ஜோடி டயர் செருப்பு வாங்கினேன். கோணியில் குவித்து வைத்திருந்தார் தைக்கிறவர். அடியெல்லாம் பட்டை, நடுவில் கொக்கி. நல்ல கனம், பத்து வருஷத்துக்குத் தேயாது என்றார். அடுத்த ஞாயிறு ஊருக்குப் போகையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சித்திரையில் கொட்டகை உடைபட்டது. அன்றைக்கு மாற்றலாகிப் போகிற ஆபீசர் ஒருவருக்குக் கிளப்பில் விருந்து. வெள்ளிக் கோப்பைகளை வெளியே எடுத்து வைத்திருப்பதால் அங்கேயே இருக்கவேண்டும், நகரக்கூடாது என்று செக்ரட்டரி வாச்சருக்கு உத்தரவு போட்டிருந்தார். சாமான் கொட்டகை அரை பர்லாங் தள்ளிக் கிணற்றோரம். விடிந்து பார்த்தால் கூரையில் ஆள் இறங்குகிற அளவுக்கு ஓடு எடுத்திருந்தது. மோட்டாரைப் பிரித்துத் தாமிரக் கம்பி முழுவதையும் உருவியிருந்தார்கள். பித்தளைத் தலைகள் ஒன்று மிச்சமில்லை. புல்வெட்டும் மிஷினில் சங்கிலி அப்படியே சக்கரத்தில் இருக்க, மேலே இருந்த இஞ்சினை மட்டும் போல்ட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிளக் வாச்சரின் மடியில் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கொட்டகையின் பின்பக்கம் குந்தியிருந்தார். பெருக்கிய பட்டையில் இரண்டு ஆட்களின் தடம். ஒன்று வெறுங்கால், கல் மேல் போய் மறைந்துவிட்டது. மற்றது தெளிவாக இருந்தது. பட்டை பட்டையாக, நடுவில் கொக்கி.

செக்ரட்டரி வந்தார். வந்ததுமே இது உள்ளாள் வேலை என்றார். விருந்து இருப்பதும் வாச்சர் இங்கே வரமாட்டார் என்பதும் வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் வேலை அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக வேண்டும். பிறகு வாச்சரைப் பார்த்தார். வாச்சர் எழுந்திருக்கவில்லை. குந்திய நிலையிலேயே, இந்த அச்சு யாருடைய கால் என்று தனக்குத் தெரியும் என்றார். குரல் நடுங்கியது. அவமானத்தில் நடுங்கியது என்று நினைத்தேன். தன் காவலில் தன் மண்ணை மிதித்துவிட்டார்களே என்ற அவமானம்.

செக்ரட்டரி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் புகார் எழுதினேன். செருப்பின் அச்சைப் பற்றி எழுதுகிற இடம் வந்தது. இதைப்போல் வேறெங்கும் கிடையாது என்று வாச்சர் சொன்னதை அப்படியே போடச் சொன்னார். பேனா நின்றது. மல்லசமுத்திரத்தில் என் அப்பாவின் காலில் அதே அச்சு இருக்கிறது என்பதும், சந்தையில் ஒரு கோணி நிறைய இருந்தது என்பதும் அந்த நிமிஷம் எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தன. சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் தெரிந்தது. உன் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பார். விருந்து இருப்பது உனக்குத் தெரியும், செருப்பும் உன்னிடம் இருக்கிறது என்பார். ஏன் நின்றுவிட்டாய் என்றார் செக்ரட்டரி. மை வரவில்லை சார் என்று சொல்லிப் பேனாவை உதறிவிட்டு, மிச்சத்தை எழுதி முடித்தேன். செல்லமுத்துவின் பேரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன்.

போலீஸ் வந்தபோது செல்லமுத்து நாலாவது குழி மணலில் பலகை இழுத்துக்கொண்டிருந்தார். பாதி வட்டம் மட்டமாகியிருந்தது. முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி அதைக் காகிதத்தில் சுற்றியபோதுதான் புரிந்தது. வாச்சர் பக்கத்திலேயே நின்றார், வழக்கம்போல் தலை குனிந்து.

செல்லமுத்து அவரிடம் வந்தார். "அண்ணா, என்ற காலப் பாக்காதீங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, நானுங்களா?" என்றார்.

வாச்சர் தலையைத் தூக்கவில்லை. "மண்ணு சொல்லுது செல்லமுத்து. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

ஜீப் போன பிறகு கிடந்த பலகையை எடுத்து, அந்த மீதிப் பாதி வட்டத்தை அவரே இழுத்து முடித்தார்.

ஸ்டேஷனில் மூன்றாம் நாள் செல்லமுத்து ஒப்புக்கொண்டார். எப்படி ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்பதை அவர் வெளியே வந்து நடந்த நடையிலேயே ஊர் தெரிந்துகொண்டது. எடுத்த சாமான்கள் எங்கே என்பதற்கு மட்டும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை, எதுவும் கிடைக்கவும் இல்லை. வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்துகொண்டு மனைவியின் ஊருக்குப் போனார்கள். வாச்சருக்குக் கிளப்பில் எல்லார் முன்னிலும் மாலை போட்டு ஐந்து கட்டை டார்ச் லைட் ஒன்று கொடுத்தார்கள். என் வேலை நிரந்தரமாயிற்று.

அந்த வருஷம் ஐப்பசியில் எப்படியோ மழை பிடித்தது. நான் காய்ச்சலில் ஒரு வாரம் சூரமங்கலத்து வாடகை வீட்டில் படுத்துக் கிடந்தேன். பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ரொட்டிப் பொட்டலத்தோடு வாச்சர் வந்தார். நான் கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். வாசல் முழுக்க ஈரச் செம்மண். காலையிலிருந்து அப்பா குழாயடிக்கும் வாசலுக்குமாக நடந்த தடம். அவர் குந்தினார். ஒரு விரலை வைத்து ஒரு தடத்தின் ஓரத்தைத் தொட்டார். அப்புறம் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. யாருங்க என்று கேட்டு அப்பா வெளியே வந்து, அதே செருப்போடு அவர் முன்னால் நின்றார்.

உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். காய்ச்சல் எப்படி என்றெல்லாம் விசாரித்தார். ரொட்டியைக் கொடுத்தார். அப்பா காபி வைக்கப் போனதும் மெதுவாகக் கேட்டார்.

"அப்பாவுக்கு இது எப்ப வாங்குனதுங்க சாமி?"

போன வாரம் என்றேன். அதைத்தான் சொன்னேன். காய்ச்சலில் உளறியது என்று சொல்ல ஆசைதான், உளறலில்லை.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "குதிகாலு நெல்லாத் தேஞ்சிருக்குதுங்க. ஒம்பது பத்து மாசம் ஆயிருக்கோணும். பொங்கலுக்கு வாங்குனதாட்ட இருக்குது" என்றார்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

"வெறுங்காலுன்னா அது ஆளோட அடி. செருப்புன்னா அது லாரியோட அடியில்லீங்களா. நான் லாரியப் பாத்துட்டு ஆளச் சொல்லியிருக்கறேன். ஆடு மேச்சவனுக்கு இது தெரிய வேண்டாங்களா?"

காபி குடிக்காமல் போய்விட்டார்.

சந்தைக்குப் போய் அந்தத் தைக்கிறவரைப் பிடித்திருக்கிறார். ஒரு டம்பர் டயரை முழுசாக வாங்கி அறுத்ததாகவும், பொங்கலுக்குள் பெரும்பாலும் விற்றுவிட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். யார் யார் வாங்கினார்கள் என்று கேட்டால் சந்தைக் கடைக்காரருக்கு என்ன தெரியும்? வாச்சர் மிஞ்சியிருந்த ஒரு ஜோடியை வாங்கி வந்தார். நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், செக்ரட்டரி காரிலிருந்து இறங்கும் முன்பே அவரை வழிமறித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். நானும் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போனேன். முந்தின நாள் சாயங்காலம் பெருக்கிய பட்டையில், அன்றைக்குப் பார்த்த அதே இடத்தில், அதே தடம். பட்டை பட்டையாக, நடுவில் கொக்கி.

செக்ரட்டரி பதறி, மறுபடியும் வந்துவிட்டானா என்றார்.

"நான்தானுங்க மிதிச்சேன்" என்று வாச்சர் தன் காலைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு நீங்க என்னையுமில்லீங்க புடிச்சுக் குடுக்கோணும். செல்லமுத்து மேல சொன்னது தப்புங்க சார். ஸ்டேசன்ல சொல்லி அத மாத்துங்க."

செக்ரட்டரி நல்ல மனிதர்தான். பொறுமையாகவே பேசினார். அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான், கேஸ் முடிந்துவிட்டது, நாமே புகார் கொடுத்துவிட்டு நாமே பொய் என்று சொன்னால் கம்பெனிக்கு அசிங்கம் என்றார். வேறு எங்கே இந்தச் செருப்பைப் பார்த்தாய் என்று கேட்டார். வாச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. சந்தையில் பார்த்தேன் என்றார். வாயைத் திறக்க எனக்கு இரண்டாவது முறையாக ஒரு இடம் கிடைத்தது. நோட்டில் தேதியைப் போட்டுக்கொண்டு நின்றேன். நீ வருத்தப்படாதே, உன்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவர் தோளில் தட்டிவிட்டு செக்ரட்டரி ஆட்டத்துக்குப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாச்சர் செல்லமுத்துவைத் தேடிப் போனார். நானும் வருகிறேன் என்றேன், வரவேண்டாம் என்று சொல்லவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். செல்லமுத்துவின் மனைவி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போய், இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்கக்கூடாது என்பதற்காக வைத்த தண்ணீர். வாச்சர் தான் செய்தது தப்பு என்றும், அந்தத் தடம் செல்லமுத்துவுடையது இல்லை என்றும் சொன்னார். அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியுமுங்களே" என்றாள்.

செல்லமுத்து போர்வெல் ரிக் லாரியில் வடக்கே போய்விட்டாராம். எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடுதாசி இரண்டு வந்ததாம், ஒன்றிலும் விலாசம் இல்லையாம். எப்போது வருவார் என்று வாச்சர் கேட்டார். அவள் புடைத்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் கிளம்பியபோது, வாச்சரின் காலில் கிடந்த அந்தச் செருப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவுரு இப்பச் செருப்புப் போடறதில்லீங்க. ரிக்குல இரும்பு சுடுமுன்னு கூட இருக்கறவங்க சொன்னாலும் கேக்கறதில்லயாமா."

பஸ் நிறுத்தத்துக்கு வருகிற வழியில் வாச்சர் செருப்பைக் கழற்றி ஒரு கள்ளிவேலியில் போட்டுவிட்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் பத்தடி பின்னால் வந்தேன்.

அதன் பிறகும் சாயங்காலம் பெருக்கினார். ஒன்பது கொடிகளையும் கொண்டுவந்தார். இல்லாத இஞ்சினின் பிளக்கை மடியில் வைத்திருந்தார். விடிந்ததும்தான் வேறு விதம். ஈர்க்குமாறை எடுத்துக்கொண்டு, பட்டையைப் பார்க்காமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இன்னொரு முறை பெருக்கிவிடுவார். யார் வந்திருந்தாலும் அந்தத் தடம் அதோடு போயிற்று. இது எனக்குத் தெரியும். செக்ரட்டரியிடம் நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சரியாக வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

திருடர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கொடிக் கம்பிகள் ஒவ்வொன்றாகப் போயின. பித்தளைக் கிண்ணங்களுக்குப் பதில் தகர டப்பா புதைத்தார்கள். புது மோட்டார் வந்து ஆறு மாதம் தங்கவில்லை. கேட்டிலிருந்த பூட்டு போய், அப்புறம் கேட்டே போயிற்று. யார் வந்தது என்று கேட்டால், "தெரியலீங்க" என்பார். உனக்கா தெரியவில்லை என்று செக்ரட்டரிகள் மாறி மாறிக் கத்திப் பார்த்தார்கள். எண்பதுகளின் நடுவில் கம்பெனி காவலுக்கு வெளியாள் வைத்தது. காக்கிச் சட்டையும் விசிலுமாக நாலு பேர் வந்தார்கள். அவர்கள் வந்த வருஷத்தில்தான் வெள்ளிக் கோப்பைகள் பீரோவோடு போயின.

இத்தனை வருஷங்களில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து போன பிறகு அவர் என் காலைப் பார்த்ததே இல்லை. மற்ற எல்லாருக்கும் முதலில் கால்தான். பழக்கம் விடுமா? நான் எதிரே வந்தால் மட்டும் நேராக முகத்தைப் பார்த்தார். கோபமான பார்வை என்று சொல்லமுடியாது. எதையாவது சொல்லப் போகிறேனா என்று காத்திருப்பவரின் பார்வை. எத்தனையோ முறை வாய் வரைக்கும் வந்தது. மழை வரும்போல இருக்கிறது என்பேன், பஸ் தாமதம் என்பேன்.

அவரைக் கணக்கு முடித்து அனுப்பிய நாள் சாவிக்கொத்தை என் மேஜைமேல் வைத்தார். மடியிலிருந்து பிளக்கை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். வழவழவென்று தேய்ந்திருந்தது. நான் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவர் நகராமல் நின்றார், என் முகத்தைப் பார்த்தபடி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எழுதும்போதே எனக்குத் தெரியும் என்ற ஒரு வரி. அது அவருக்கு முன்பே தெரியும். என் வாயால் வந்திருந்தால் அந்தப் பாரத்தில் பாதியாவது அவர் மேலிருந்து இறங்கியிருக்கும்.

நான் குனிந்து ரசீதை மடித்தேன்.

"வாரேனுங்க சாமி" என்றார்.

கடைசியாக ஒருமுறை அன்று காலையிலும் வாசலைப் பெருக்கி வைத்திருந்தார். அந்த மண்ணில் என் அறைப் படியிலிருந்து ரோடு வரைக்கும் அவருடைய வெறுங்கால் தடம் போயிற்று. இடது கால் கொஞ்சம் ஆழம். பெருக்க ஆளில்லாததால் அது நாலைந்து நாள் அப்படியே கிடந்தது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அதை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தேன்.